பங்குக் குருவின் கணக்கேடு

குருமார் தம் பங்கு வாழ்வைக் குறித்து எழுதும் நூல்கள் பெரும்பாலும் இரு வகையானவை. ஒரு வகை, பக்திக்குரிய இனிய நிகழ்ச்சிகளைக் கோத்து வாசிப்போர் கண்ணில் நீர் வரச்செய்வது. மற்றது, ஓய்வுபெற்ற பின் எழுதப்படும் நினைவுக் குறிப்பு. கட்டிய ஆலயங்களும் வாங்கிய மணிகளும் அதில் இடம்பெறும். கட்டியவர் பெயரும் தவறாது இடம்பெறும். கத்தோலிக்க சபையிலும் நம் சபைகளிலும் இவ்விரண்டுக்கும் குறைவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னானோஸ் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு' என்னும் நாவல் இவற்றில் சேராத உயர்ந்த படைப்பு. ஆனால் அதை எழுதியவர் குருவானவர் அல்லர், இல்லறத்தார். பணியில் இருக்கும்போதே ஒரு குரு தம் பங்கின் உண்மை நிலையை மறைக்காது எழுதுவது மிக அரிது. இத்தாலிய நாட்டுக் குரு லொரென்சோ மிலானி 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மேய்ப்புப்பணி அனுபவங்கள்' அத்தகைய நூல்.

எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. உரோமையில் பயின்று வந்த கத்தோலிக்க குருவானவர் ஒருவர் எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள பங்கில் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலைகளில் அவர் இந்நூலின் பெரும்பகுதியைப் படித்துத் தமிழில் சொல்ல, நான் கேட்டேன். ஆகவே நூலின் நடையைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. அதன் பொருளைப் பற்றியும், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த போதகன் ஒருவன் அதைக் கேட்கும்போது அவன் உள்ளத்தில் எழும் வினாக்களைப் பற்றியுமே இங்கு எழுதுகிறேன். கத்தோலிக்கர் தம்மைத் தாமே குறைகூறும் நூலை நாம் வாசிக்கும்போது ஒரு சோதனை உண்டு: 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்று மகிழ்வது. முதல் இரண்டு மாலைகளில் நானும் அவ்வாறே மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மிலானி 1923ஆம் ஆண்டு மே மாதத்தில் புளோரன்ஸ் நகரில் செல்வமும் கல்வியும் மிக்க குடும்பத்தில் பிறந்தார். தாய் யூத மரபினர். கிரேக்க இலத்தீன் மொழியியலில் பெரும் புகழ்பெற்ற தொமேனிக்கோ கொம்பரேத்தி அவருடைய தந்தைவழிப் பாட்டனாரின் தலைமுறைக்கு மூத்தவர். சொல்லின் வேரைத் தேடும் பழக்கம் குடும்பச் சொத்தாகவே அவருக்கு வந்தது எனலாம். ஓவியம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் 1943ஆம் ஆண்டில் மனந்திரும்பி, அவ்வாண்டே குருமடத்தில் சேர்ந்து, 1947இல் குருவாக அருள்பொழிவு பெற்றார். பின்னர் அனுப்பப்பட்ட இடம் கலென்சானோ ஊரிலுள்ள சான் தொனாத்தோ. உழவரும், பிராத்தோ நகரத்து நெசவாலைத் தொழிலாளரும் வாழ்ந்த பங்கு அது. முதிய பங்குத்தந்தைக்கு உதவிக் குருவாக அங்கு ஏழாண்டுகள் பணியாற்றினார். முதியவர் மறைந்தபின் அவ்விடம் இவருக்குக் கிடைக்கவில்லை. 1954 டிசம்பரில் முஜெல்லோ மலைப்பகுதியிலுள்ள பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். சிதறிக் கிடந்த சில உழவர் வீடுகளே அப்பங்கு. அங்கு மின்சாரம், குழாய்நீர், வண்டிச்சாலை எதுவுமில்லை. சென்ற உடனேயே அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓர் இடம் வாங்கினார். மாற்றல் கேட்டு மனு எழுதும் நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

நூலின் பொருள் சான் தொனாத்தோவில் அவர் கண்டது. கண்டதை அவர் எண்ணினார். இதுவே நூலின் தனித்தன்மை. திருப்பலிக்கு வருவோர் எத்தனை பேர், நற்கருணை வாங்குவோர் எத்தனை பேர், பெருவிழா நாளுக்கும் சாதாரண ஞாயிறுக்கும் என்ன வேறுபாடு, பங்கு மக்கள் எந்த வகுப்புவரை படித்தார்கள், எத்தகைய வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று அட்டவணைகளும் வரைபடங்களுமாகத் தொகுத்தார். நற்செய்தி நூலில் நூறு ஆடுகளை எண்ணிய மேய்ப்பனைக் குறித்து நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். எண்ணியதனாலேயே ஒன்று குறைந்தது அவனுக்குத் தெரிந்தது என்பதை நான் இதுவரை எடுத்துக்கூறியதில்லை.

எண்ணிப் பார்த்தபோது அவர் கண்டது என்ன? பங்கு மக்கள் திருச்சபைக்குப் பகைவர் அல்லர். ஏறத்தாழ அனைவருமே ஞானஸ்நானம் பெறுகிறார்கள். ஆலயத்தில் மணம் முடிக்கிறார்கள். குருவை அழைத்து அடக்கம் செய்கிறார்கள். பொதுவுடைமைக் கட்சியில் சேர்வோருக்கும் அதற்கு ஆதரவளிப்போருக்கும் அருட்சாதனங்களை மறுக்கும் ஆணையை உரோமை 1949இல் பிறப்பித்திருந்தது. ஆனால் அக்கட்சிக்கு வாக்களித்தவனே பவனியில் நடந்தான். புதுநன்மை விழாவில் தன் பிள்ளைக்கு வெள்ளுடை உடுத்தினான். அவனை அங்கு கொண்டுவந்தது விசுவாசமா, ஊர்வழக்கமா என்று எவரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடைசொல்ல அவனிடம் சொற்கள் இருந்திருக்கமாட்டா. மறைக்கல்வி வினாவிடைகளைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்களே இவர்கள் எல்லாரும். மிலானி தேடிச் சென்று உரையாடியபோது, அந்த விடைகளில் ஒன்றுகூட அவர்கள் நெஞ்சில் பொருளாக நிற்கவில்லை எனக் கண்டார்.

இங்கே நம் பக்கத்து வாசகர் உடனே ஒன்று சொல்வார்: 'அக்காலத்தில் அவர்கள் வழிபாடு இலத்தீனில் நடந்தது, பொருள் எவ்வாறு விளங்கும்?' நானும் அதையே சொன்னேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது 1962இல். திருப்பலி தாய்மொழிகளில் நடக்கத் தொடங்கியது அதன் விளைவாக. இந்நூல் அதற்கு முந்தியது. ஆனால் மிலானியின் குற்றச்சாட்டு இலத்தீனோடு முடியவில்லை. அவர் பிரசங்கித்தது இத்தாலியத்தில். மறைக்கல்வி நூல் இத்தாலியத்தில் இருந்தது. செய்தித்தாளும் இத்தாலியமே. உழவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அவை யாவும் பாதிக்குமேல் அடைபட்ட கதவுகளாகவே இருந்தன. அவனுக்குத் தெரிந்த சொற்கள் சில நூறு. பீடத்திலிருந்தோ, வழக்குமன்றத்திலிருந்தோ, முதலாளியின் ஒப்பந்தத் தாளிலிருந்தோ வரும் சொற்கள் பல ஆயிரம். இவ்விடைவெளியில் நற்செய்தியும் விழுந்து போகிறது என்பதே நூலின் மையக் கருத்து. மொழி இல்லாதவனுக்குப் பிரசங்கிப்பது செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நண்பர் தமிழ்ப் பழமொழியால் விளக்கினார். 'இல்லை ஃபாதர், சங்கின் ஓசையாவது இனிமையாக இருக்கும்' என்றேன்.

தாய்மொழி வழிபாடு நம் சீர்திருத்தத் தந்தையர் பெற்றுத்தந்த உரிமை. ஆகையால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிட்டோம். மார்ட்டின் லூத்தர் அவ்வாறு எண்ணவில்லை. புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டு ஆறாண்டுகளுக்குப் பின், 1528இல், சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடச் சென்றார். விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும் அறியாத மக்களையும், கற்பிக்க இயலாத போதகரையும் கண்டு மனம் நொந்து திரும்பினார். அந்த நோவிலிருந்து பிறந்ததே 1529ஆம் ஆண்டின் சிறிய ஞானோபதேசம். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே பள்ளிகளை நிறுவும்படி நகரசபையாரை வேண்டி எழுதியிருந்தார். மிலானியின் நூலும் என் கணிப்பில் இத்தகைய ஒரு பார்வையிடலே. ஆனால் முடிவில் இருவரும் பிரிகிறார்கள். லூத்தர் நோய்க்கு மருந்தாக வினாவிடையைத் தந்தார். அதன் பொருளைக் கற்பிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும் உண்மை. நானூறு ஆண்டுகள் கழித்து, பொருளின்றி மனப்பாடமான வினாவிடையையே நோயின் அடையாளமாக மிலானி காண்கிறார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் அச்சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். நம் திடப்படுத்தல் வகுப்புகளின் முன்னோடி அதுவே. ஆகவே மிலானியின் கேள்வி கடல்கடந்து நம்மிடமும் வருகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், என் முதல் சேகரத்தில், செங்கல் சூளைகள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் திடப்படுத்தல் வகுப்பு நடத்தினேன். பதினேழு வயது இளைஞன் ஒருவன் விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். மகிழ்ந்து, 'பாடுபட்டார் என்றால் என்ன தம்பி?' என்று கேட்டேன். அவன் தயங்காமல், 'வேலை பார்த்தாருங்க ஐயா. பிலாத்துக்கிட்ட கூலி வேலை பார்த்தாரு' என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, அச்சொல்லுக்குத் துன்பம் அனுபவித்தார் என்பது பொருள் என்று திருத்தினேன். அவன் தலையசைத்தான். பேராயர் வந்தார், கை வைத்து ஜெபித்தார், அவன் பெயரைப் பதிவேட்டில் நான் எழுதினேன். இரண்டு ஆண்டுகளுக்குள் அவன் ஆலயத்துக்கு வருவது நின்றுபோயிற்று. சூளைக்காரனிடம் வாங்கிய முன்பணம் தீராமல் வேறு மாவட்டத்துச் சூளைக்குப் போய்விட்டான் என்று பின்னர்க் கேள்விப்பட்டேன்.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. 'எங்கள் விசுவாச அறிக்கையிலும் அதே சொல்தான் ஐயரே' என்றார் பிறகு. அவ்விளைஞனின் தமிழில் பாடுபடுதல் என்றால் உழைத்தல். உடல் நோக உழைப்பதையன்றி வேறு துன்பத்துக்கு அவன் தனிச்சொல் வைத்திருக்கவில்லை. அவன் சொன்ன பொருளிலிருந்தே தொடங்கியிருந்தால் எவ்வளவு தூரம் சென்றிருக்கலாம்! அதிகாரம் உடையவன்முன் ஒடுங்கி நிற்கும் உடலைப் பற்றிப் பேசியிருக்கலாம். நான் ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனேன்.

நூலில் மிகவும் விவாதத்துக்கு உள்ளான பகுதி பங்கின் பொழுதுபோக்கு நிலையங்களைப் பற்றியது. போருக்குப்பின் இத்தாலியில் பொதுவுடைமைக் கட்சியார் ஊர்தோறும் மக்கள் மன்றம் அமைத்தனர். அங்கு ஆட்டமும் பாட்டும் குடிவகையும் உண்டு. இளைஞரை அங்கு போகவிடாமல் தடுக்கக் குருமாரும் பங்கு வளாகத்தில் மேசைப்பந்து, திரைப்படம், பின்னர்த் தொலைக்காட்சி என்று போட்டிக்கு இறங்கினர். மிலானியும் தொடக்கத்தில் அவ்வழியில் சென்று, பின்னர் முற்றாகக் கைவிட்டார். உலகத்தாரோடு உலகத்தின் விளையாட்டில் போட்டியிடும் குரு தோற்பது உறுதி. வென்றாலும் அவன் வென்றது இளைஞனின் மாலைப் பொழுதை மட்டுமே என்பது அவர் வாதம். ஒவ்வொரு மாலையும் ஏழையிடமிருந்து பறிக்கப்படும் கல்வி நேரம் என்று அவர் கணக்கிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆர்ஸ் ஊரின் பங்குத்தந்தை வியான்னி மதுக்கடைகளையும் நடனத்தையும் எதிர்த்துப் போராடியது பலருக்கும் தெரியும். அவர் பாவம் என்று எதிர்த்ததை இவர் வீண் என்று எதிர்த்தார். வியான்னி இலத்தீன் கற்க முடியாமல் குருமடத்தில் திண்டாடியவர் என்பதும் இங்கு நினைவுக்கு வருகிறது. மிலானியின் பள்ளியில் அவர் தேறியிருப்பாரோ, என்னவோ.

மேசைப்பந்துக்குப் பதிலாக மிலானி வைத்தது மாலைப்பள்ளி. இளம் உழவரும் தொழிலாளரும் வேலைமுடிந்து வந்தனர். கட்சி வேறுபாடு இல்லை. சொற்களின் பிறப்பையும், செய்தித்தாளையும், சட்டத்தையும், தொழிற்சங்கத்தையும் பற்றி அங்கே பேசினர். பள்ளியைச் சபைக்கு ஆள்சேர்க்கும் வலையாக ஆக்கமாட்டேன் என்றும், உண்மை தம் சபைக்குப் பெருமை தந்தாலும் இழிவு தந்தாலும் அதையே சொல்வேன் என்றும் அவர் மாணவருக்கு வாக்களித்தார். அவ்வாக்கின் அடையாளமாக வகுப்பறைச் சுவரிலிருந்த சிலுவையையும் எடுத்துவிட்டார். பொதுவுடைமைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன்கூட அதைக் கண்டு வாசலில் நின்றுவிடக்கூடாது என்பது காரணம்.

இவ்விடத்தில் நானும் நண்பரும் இடம்மாறி நின்றோம் என்பது வியப்பு. உருவங்களைப் பற்றி ஐயமுடைய மரபில் வந்த நான், சிலுவையை எடுத்தது தவறு என்றேன். கத்தோலிக்கராகிய அவர், சரியே என்றார். 'சுவரில் இருந்தால்தான் சிலுவையா ஐயரே? விளக்கை வைத்துக்கொண்டு இரவு பத்து மணிவரை நிற்கிறாரே, அது?' என்றார். நான் இன்னும் முழுமையாக இணங்கவில்லை. சாட்சி கூறுவதற்கு ஒரு பெயர் வேண்டும். அப்பெயரை மறைத்துச் செய்யும் அன்பு நல்லதேயாயினும், கேட்பவன் யாருடைய அன்பு என்று ஒருநாள் கேட்கத்தான் செய்வான். ஆனால் நம் பள்ளிகள் பலவற்றில் சுவரில் வசனமும் வாயிலில் சிலுவையும் பெரிதாக இருக்க, கட்டணம் கட்ட முடியாத சபைப் பிள்ளையே உள்ளே வர இயலாதிருப்பதைக் காணும்போது, என் வாதத்தை உரத்துச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தரங்கம்பாடியில் ஆலயத்தோடு பள்ளியும், ஆண்பிள்ளைகளுக்குப் போலவே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளியும் எழுந்த மரபு நம்முடையது. அம்மரபின் பெயரால் இன்று ஆங்கிலவழிப் பள்ளிகள் நடத்தி, அவற்றின் வருவாயை ஆண்டறிக்கையில் ஆசீர்வாதம் என்று எழுதுகிறோம்.

நூலின் பிற்சேர்க்கைகளில் மற்றொரு குருவுக்கு எழுதிய கடிதம் ஒன்றுண்டு. பன்னிரண்டு வயதில் தறிக்கு அனுப்பப்பட்ட மௌரோ என்னும் சிறுவனின் கதை அது. பிள்ளைக்கு வேலை கொடுத்த சிறுமுதலாளிகளும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. மிலானி இங்கு உணர்ச்சியைக் கொட்டவில்லை. எத்தனை மணிநேரம், என்ன கூலி, எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று அடுக்கிச் செல்கிறார். சமூக நீதியைக் குறித்து நம் மேடைகளில் எழும் முழக்கங்களைக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்த அடக்கம் புதிது. நூலின் ஆகச்சிறந்த பக்கங்கள் இவை என்பது என் கருத்து.

நூல் புளோரன்ஸ் கர்தினாலின் அச்சு அனுமதியோடும் பேராயர் ஒருவரின் முன்னுரையோடும் வெளிவந்தது. ஆயினும் அதே ஆண்டு செப்டம்பரில் இயேசு சபையாரின் ஏட்டில் கடுமையான மதிப்புரை வந்தது. வெனிஸ் நகரின் மறைமுதல்வராயிருந்த ரொன்காலி, இதை எழுதியவர் புத்தி பேதலித்தவர் என்னும் பொருள்பட ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். அக்டோபர் மாத இறுதிக்குள் அவரே இருபத்துமூன்றாம் யோவான் என்னும் பெயருடன் திருத்தந்தையானார்; சங்கத்தைக் கூட்டிச் சாளரங்களைத் திறந்த அதே மனிதர். நூலை விற்பனையிலிருந்து எடுக்கவும், மறுபதிப்பும் மொழிபெயர்ப்பும் செய்யாதிருக்கவும் 1958 டிசம்பரில் உரோமை ஆணையிட்டது. தவறான கோட்பாடு எதுவும் சுட்டப்படவில்லை. வெளியிடத் தகுந்த வேளையன்று என்பதே காரணம். அத்தடை இனிப் பொருந்தாது என்று 2014இல்தான் உரோமை தெரிவித்தது. 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்கே சென்று அவர் கல்லறையில் ஜெபித்தார். ஐம்பத்தொன்பது ஆண்டுகள்! சபைகள் மனந்திரும்பும் வேகத்தைப் பற்றி நாம் நகைக்க வேண்டியதில்லை. நம் சபை ஆலோசனைக் கூட்டங்களில் 'இப்போது வேண்டாம்' என்று ஒத்திவைக்கப்பட்டவற்றை நாமும் அறிவோம்.

இத்தனைக்கும் பின் அவர் ஏன் உரோமையை விட்டு விலகவில்லை? சீர்திருத்த மரபினருக்கு இயல்பாக எழும் கேள்வி இது. 1965இல், மனச்சான்றின் பொருட்டுப் படையில் சேர மறுத்த இளைஞரைக் கோழைகள் என்று இகழ்ந்த இராணுவ ஆன்ம குருக்களுக்கு மறுப்பு எழுதி, அதற்காக வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டவர் அவர். கீழ்ப்படிதல் இனி ஒரு நற்பண்பன்று என்று அரசிடம் வாதாடியவர், தம் ஆயருக்கு மட்டும் கீழ்ப்படிந்தார். அதற்கு அவர் கூறிய காரணம் எளியது. வாரத்தில் பலமுறை தமக்குப் பாவமன்னிப்பு வேண்டியிருக்கிறது. சபையை விட்டுவிட்டால் அதை யாரிடம் போய்க் கேட்பது என்பதே அது. பாவமன்னிப்பைப் பற்றிய தாகத்திலிருந்தே லூத்தரும் தொடங்கினார். மன்னிப்பு எங்கே கிடைக்கும் என்பதில் இருவரும் வேறு விடை கண்டார்கள். ஆனால் மன்னிப்பின்றி ஒரு நாளும் ஊழியம் செய்ய இயலாது என்று உணர்ந்த மனிதராக, நம் காலத்து ஊழியரைவிட இவர் லூத்தருக்கு அருகில் நிற்கிறார்.

இனி, குறைகளைச் சொல்ல வேண்டும். மிலானியின் கண்டிப்பு சில இடங்களில் அச்சமூட்டுகிறது. பார்பியானாவில் நாள் முழுதும் பள்ளி, ஆண்டு முழுதும் பள்ளி, விடுமுறை இல்லை. விளையாட்டு என்பதே ஏழையை ஏமாற்றும் சூழ்ச்சி என்ற நிலைக்கு அவர் சென்றுவிடுகிறார். அடியும் தண்டனையும் அங்கு இருந்தன என்பதை அவரோ மாணவரோ மறைத்ததில்லை. எருசலேமின் வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதை மீட்பின் அடையாளமாகக் கண்ட சகரியா தீர்க்கதரிசியின் எட்டாம் அதிகாரத்தை அவர் எவ்வாறு வாசித்தார் என அறிய ஆவல். பள்ளியை எட்டாவது அருட்சாதனம் போன்றது என்று மதித்தவரிடம், அருள் எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்ற எல்லை மங்கிவிடுகிறது. கற்றவனே கேட்கத் தகுந்தவன் என்றால், அது புதியதொரு விருத்தசேதனம் ஆகிவிடாதா?

இதைவிட முக்கியமான குறை மொழியைப் பற்றியது. 1958ஆம் ஆண்டு நூலில் ஏழை மொழியற்றவன். குரு கொடுத்தாலொழிய அவனுக்குச் சொல் இல்லை. என் தாயின் தாய் கைநாட்டு வைத்தவர். ஆனால் வேதநாயக சாஸ்திரியார் முதலியோரின் கீர்த்தனைகள் பலவற்றை முழுதும் அறிந்தவர். இழவு வீட்டில் எதைப் பாட வேண்டும், பிள்ளைப்பேற்று வீட்டில் எதைப் பாட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கீர்த்தனையின் ஒற்றைச் சொல்லை எடுத்து, கணவனை இழந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பேசியதை நான் சிறுவனாக நின்று கேட்டிருக்கிறேன். இறையியல் கல்லூரியில் ஆறுதல் ஊழியம் பற்றி நான் கற்றதெல்லாம் அதற்குப் பிந்தியதும் சிறியதுமே. எழுத்தில்லாத இந்த ஞானத்தை எண்ணுவதற்கு மிலானியின் அட்டவணையில் இடமில்லை. டஸ்கனி நாட்டு உழவரிடமும் பாட்டும் பழமொழியும் இருந்திருக்கத்தான் வேண்டும்.

இக்குறையை அவரே உணர்ந்திருக்கலாம் என நினைக்க இடமுண்டு. 1967 மே மாதத்தில் பார்பியானா மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' வெளிவந்தது. அதில் நிலைமை தலைகீழாகிறது. மொழியைப் படைப்பவரும் புதுப்பிப்பவரும் ஏழைகளே; செல்வர் அதை உறையச்செய்து, தம்மைப்போல் பேசாதவனை ஏளனம் செய்யவும் தேர்வில் தோற்கச்செய்யவும் பயன்படுத்துகின்றனர் என்று அம்மாணவர் வாதிடுகின்றனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் மலைப்பிள்ளைகளோடு இருந்ததில் ஆசிரியர் மாணவராகிவிட்டார். சூளை இளைஞனின் சொல்லுக்கு நான் சிரித்ததை இந்த இரண்டாம் நூல்தான் எனக்குக் குற்றமாகக் காட்டியது. முதல் நூலை மட்டும் கேட்டிருந்தால், அவனுக்கு நல்ல தமிழ் கற்பித்திருக்கலாம் என்று மட்டுமே வருந்தியிருப்பேன். ஆகையால் இவ்விரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கடிதநூல் ஆங்கிலத்தில் 1970 முதல் கிடைக்கிறது; மாணாக்கர் அதிலிருந்து தொடங்குவது நலம்.

கடிதநூல் வெளிவந்த மறுமாதம், ஜூன் 26 அன்று, நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் மிலானி இறந்தார். வயது நாற்பத்துநான்கு. தாம் வாங்கி வைத்த இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மாணவருக்கு எழுதிவைத்த இறுதி மடலில், கடவுளைவிட உங்களையே மிகுதியாக நேசித்துவிட்டேன் என்னும் பொருள்பட எழுதி, ஆண்டவர் அத்தகைய நுட்பங்களைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார் என்று நம்பிக்கை தெரிவித்தார். இறையியல் தேர்வில் இதை எழுதும் மாணாக்கனுக்கு நான் மதிப்பெண் தரத் தயங்குவேன். மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு அவன் என்னோடு வாதாடினால் என்ன செய்வேன் என்பது தெரியவில்லை.

எங்கள் கடைசி மாலையில் நண்பர் நூலை மூடிவிட்டு, 'உங்கள் சேகரத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் ஐயரே?' என்று கேட்டார். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் எண்களை நான் உடனே சொல்லியிருக்க முடியும். சந்தா நிலுவையையும் ரூபாய்க் கணக்கில் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதற்கு விடையில்லை. 'எனக்கும் தெரியாது' என்றார் அவர். மிதிவண்டியில் வந்தவர் மழை விடும்வரை எங்கள் திண்ணையில் காத்திருந்தார்.

இவ்வாண்டு களப்பணிக்குச் செல்லும் இறுதி வகுப்பு மாணாக்கரிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு கிராமச் சபையைத் தேர்ந்து, வழிபாட்டில் நாம் பயன்படுத்தும் சொற்களுள் இருபதை எடுத்து, சபையாரிடம் அவற்றின் பொருளைக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிவர வேண்டும். எவர் சொல்லையும் திருத்தக்கூடாது. சிரிக்கவும் கூடாது. முதல் சொல்லாகப் 'பாடுபட்டார்' என்பதை நானே எழுதிக் கொடுத்தேன்.